நாழிகை வழியும் வான்வழியும்

நம் முன்னோர் தொலைவைக் காலத்தால் அளந்தனர். "அவ்வூர் எவ்வளவு தூரம்?" என்று வினவிய வழிப்போக்கனுக்கு, "மூன்று நாழிகை வழி" என்று விடை கிடைத்தது. நாழிகை என்பது 24 நிமிடங் கொண்ட காலம். அக்காலத்துள் ஒருவன் இயல்பாக நடந்து கடக்கும் நிலம் நாழிகை வழி. அஃது ஏறத்தாழ ஒன்றரை மைல். ஏழு நாழிகை வழி கூடியது ஒரு காதம் என்றும், அது சுமார் பத்து மைல் என்றும் கூறுவர். காதத்தின் அளவு இடத்துக்கு இடம் வேறுபட்டதாயினும், அளவின் கருத்து ஒன்றே. நடப்பவனுடைய காலும், அவன் நடக்கும் வழியும், அவனுக்குச் செல்லும் பொழுதும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன.

இக்காலத்தில் அம்மூன்றும் தனித்தனியே பிரிந்துவிட்டன. தொலைவைப் படத்திலும், காலத்தைக் கால அட்டவணையிலும் காண்கிறோம். வழியையோ நாம் காண்பதேயில்லை. இப்பிரிவினால் விளையக்கூடிய பிழையொன்றை யாம் சென்ற ஆண்டு மார்கழித் திங்களில் எம் கையாலேயே செய்தோம். அதனை மறையாது கூறி, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தொலைவையும் செலவுக் காலத்தையும் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடும் முறையை எம் தோழர்க்கு விளக்கி, அக்கணக்கு எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நிகழ்ந்தது இது. எம் விடுதித் தோழர் ஒருவர் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரினர். அவருடைய தமையனார் படைவீரராய் லடாக்கின்கண் உள்ள லே நகரத்தில் பணியாற்றி வந்தார். ஒருநாள் மாலை, நெடுநாள் நோயுற்றிருந்த அவர்தம் தாயார் இறைவனடி சேர்ந்தார் என்ற செய்தி விடுதிக்கு வந்தது. தோழருடன் யாமும் சிலர் அன்றிரவே ஊருக்குச் சென்றோம். தமையனாருக்கு விடுப்புக் கிடைத்துவிட்டது என்றும், மறுநாட் காலை விமானத்தில் புறப்படுவார் என்றும் தொலைபேசியில் தெரியவந்தது. ஊர்ப் பெரியோர் அடக்கத்திற்கு நேரங் குறிக்க வேண்டியிருந்தனர். "மூத்தவன் எப்போது வந்து சேருவான்?" என்று தந்தையார் எம்மை நோக்கிக் கேட்டார். படித்த பிள்ளைகள் என்று எம்மைக் கேட்டார். யாமும் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம்.

அக்கணக்கை இனி முறையாகக் காண்போம்.

பூமியின் மீது ஓர் இடத்தை இரண்டு எண்களாற் குறிக்கலாம். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு என்பது அட்சரேகை. கிரீனிச்சிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு என்பது தீர்க்கரேகை. இரண்டும் பாகையால் அளக்கப்படும். மதுரை விமான நிலையம் வடக்கே 9.84 பாகையிலும், கிழக்கே 78.09 பாகையிலும் உள்ளது. லே விமான நிலையம் வடக்கே 34.14 பாகையிலும், கிழக்கே 77.55 பாகையிலும் உள்ளது. இவ்வெண்களைப் பக்கத்திற் பக்கமாக எழுதிப் பார்த்தால் ஒரு வியப்புப் புலப்படும். தீர்க்கரேகைகள் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, மதுரையில் வடக்கு நோக்கி நின்று, திரும்பாமல் நேரே செல்வானொருவன் ஏறக்குறைய லே நகரத்துக்கே போய்ச் சேருவான். நாட்டின் தென்கோடிக்கு அண்மையிலுள்ள நம் நகரமும் வடகோடியிலுள்ள அந்நகரமும் ஒரே நூலில் கோத்த இரண்டு மணிகளை ஒத்துள்ளன.

இவ்வாறு ஒரே தீர்க்கரேகையில் அமைந்த ஊர்களுக்குக் கணக்கு மிகவும் எளிது. அட்சரேகையில் ஒரு பாகை நம் நாட்டில் சராசரி 110.7 கிலோமீட்டர். லேயின் 34.14-இலிருந்து மதுரையின் 9.84-ஐக் கழித்தால் 24.30 பாகை. அதனை 110.7-ஆல் பெருக்கினால் 2,690 கிலோமீட்டர். கிழக்கு மேற்கான சிறு வேற்றுமையைச் சேர்த்தாலும் ஒரு கிலோமீட்டரே கூடும். ஆக, மதுரைக்கும் லேக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,691 கிலோமீட்டர் ஆகும்.

ஒரு பாகைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று யாம் ஒரு வரியில் எழுதிவிட்டோம். அந்த எண்ணை இந்நாட்டு மண்ணில் கண்டறிந்தவர் பட்ட பாடு சிறிதன்று. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்பார் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை நூறடிச் சங்கிலியால் அளந்து பெரு நில அளவையைத் தொடங்கினார். பின்னர்க் குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமய அடிவாரம் வரை முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அமைத்துச் சென்ற அளவை, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டியே சென்றது. மதுரையும் லேயும் கோக்கப்பட்ட அதே நூல் இஃது என்பது கருதத்தக்கது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது கோணமானியை ஏற்றுங்கால் அக்கருவி கோபுரத்தில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் பல வாரங்கள் உழைத்து அதனைத் தம் கையாலேயே சீர்செய்தார். அவர் 1823-இல் வழியிலேயே உயிர் நீத்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்டு அப்பெருவில்லை 1841-இல் முடித்தார். ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட உழைப்பு நம் பெருக்கற் கணக்கில் ஓர் எண்ணாய் ஒடுங்கியிருக்கிறது.

இனி, ஒரே அட்சரேகையில் அமைந்த ஊர்களைக் கருதுவோம். காசுமீரத்து ஸ்ரீநகர் விமான நிலையம் வடக்கே 33.99 பாகை, கிழக்கே 74.77 பாகை. லேயின் நிலையை முன்னரே கண்டோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகை. தீர்க்கரேகை வேற்றுமை 2.78 பாகை. இங்கே 110.7-ஆல் பெருக்குதல் பிழையாகும். தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் அகன்றும், வடக்கே செல்லச் செல்ல நெருங்கியும், துருவத்தில் ஒன்றாய்க் கூடியும் நிற்பன. உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளை நினைத்துக்கொள்க. நடுவில் அகன்ற சுளை நுனியில் ஒன்றுமில்லாது முடிகின்றது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகை 111.3 கிலோமீட்டர், வேறோர் அட்சரேகையில் அதன் அளவை அறிய, அவ்வட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். மதுரையில் அது 109.7 கிலோமீட்டர். லேயின் அட்சரேகையில் 92.3 கிலோமீட்டரே. ஆகவே, 2.78-ஐ 92.3-ஆல் பெருக்க, ஏறத்தாழ 257 கிலோமீட்டர் கிடைக்கின்றது. ஸ்ரீநகருக்கும் லேக்கும் இடையேயுள்ள வான்தொலைவு இதுவே.

வடக்கே இன்னுஞ் செல்வோமாயின் இச்சுருக்கம் மிகும். நார்வே நாட்டுக்குரிய ஸ்வால்பார்டு தீவுகளில் லாங்யியர்பியன் என்னும் சுரங்க ஊர் உண்டு. அதன் விமான நிலையம் வடக்கே 78 பாகைக்கும் அப்பால் உள்ளது. அங்கே ஒரு பாகைத் தீர்க்கரேகை 23 கிலோமீட்டரிலும் சற்றுக் குறைவு. மதுரையின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. அங்கிருந்து நார்வேயின் பெருநிலத்திலுள்ள திரொம்சோ நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் தெற்கு நோக்கியே பறப்பர். ஆதலின், எட்டரைப் பாகை அட்சரேகை வேற்றுமையைக் கொண்டே அத்தொலைவு சுமார் 957 கிலோமீட்டர் என்று அறியலாம்.

மூன்றாவது வகை, வடக்கும் கிழக்குமாகச் சாய்ந்து செல்லும் வழி. மதுரையிலிருந்து சென்னைக்குச் செல்வது இத்தகையது. சென்னை விமான நிலையம் வடக்கே 12.99, கிழக்கே 80.17. வடக்கு நோக்கிய வேற்றுமை 3.15 பாகை, அது 348 கிலோமீட்டர். கிழக்கு நோக்கிய வேற்றுமை 2.08 பாகை; நெருக்கத்தைக் கருதிப் பெருக்கினால் 227 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், கர்ணமே நாம் வேண்டும் தொலைவு. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலங் காண, ஏறத்தாழ 416 கிலோமீட்டர் வரும். பூமி உருண்டையாதலின் மிகப் பெருந் தொலைவுகளுக்கு இம்முறை பொருந்தாது. ஆயின், நம் மாநிலத்தளவான தொலைவுகளுக்கு இதனால் வரும் பிழை மிகச் சிறிது.

இதே முறையால் கொழும்புக்கும் கணக்கிடலாம். கட்டுநாயக்கா விமான நிலையம் வடக்கே 7.18, கிழக்கே 79.88. விடை 354 கிலோமீட்டர். ஆகவே, மதுரை விமான நிலையத்திற்குச் சென்னையைக் காட்டிலும் கொழும்பு அண்மையது! இதனைக் கேட்டு நம் தோழர் பலர் நம்ப மறுத்தனர். ஆனால் நம் முன்னோர்க்கு இது வியப்பன்று. 1914-இல் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்ட பின், தனுஷ்கோடி வரை புகைவண்டியிலும், ஆங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலுமாக மக்கள் சென்றுவந்தனர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவ்வழி அறுந்தது. மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012-இல் விமானம் செல்லத் தொடங்கிய பின்னரே அவ்வண்மை மீண்டும் உணரப்பட்டது. இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நிலப்படத்தில் தொலைவு ஓர் அங்குலமேனும் மாறவில்லை. அவ்வழி மட்டுமே இல்லாதிருந்தது.

தொலைவு தெரிந்தபின் காலத்தைக் காண்போம். பெரிய விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். அவ்வாறாயின் சென்னைக்கு அரைமணி போதுமே, கால அட்டவணையில் ஒரு மணிக்கு மேல் போட்டிருப்பது ஏன் என்று கேட்கலாம். அட்டவணையில் உள்ள காலம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகருந் தொடக்கத்திலிருந்து, சேருமிடத்தில் சென்று நிற்கும் வரை உள்ள காலம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மெல்ல மெல்ல உயர ஏறுதல், வரிசையிற் காத்து இறங்குதல், மீண்டும் ஊர்தல் ஆகிய இவற்றில் வேகம் குறைவு. ஆதலின் பயன்படத்தக்க ஓர் எளிய விதியை வகுத்துக்கொள்ளலாம்: தொலைவை 800-ஆல் வகுத்து வரும் மணிக்கு அரைமணியைக் கூட்டுக.

விதியைச் சோதித்துப் பார்ப்போம். சென்னைக்கு 31 நிமிடமும் 30 நிமிடமும் கூடி ஒரு மணிக்குச் சற்று மேல். திரொம்சோவுக்கும் லாங்யியர்பியனுக்கும் ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம். ஸ்ரீநகருக்கும் லேக்கும் நாற்பத்தொன்பது நிமிடம். அட்டவணைக் காலங்கள் இவற்றோடு ஏறத்தாழ ஒத்தே வருவதை நண்பர்கள் ஒப்பிட்டுக் காணலாம். இறகுச் சுழலியுடைய சிறு விமானமாயின் மணிக்கு 500 கிலோமீட்டர் என்று கொள்ள வேண்டும். அப்போது சென்னைச் செலவு இருபது நிமிடம் நீளும். குறுந் தொலைவிற் பெரும்பகுதியை அரைமணியே விழுங்குகின்றது. நெடுந் தொலைவில் அஃது அற்பமாகின்றது. விரைவான ஊர்தியின் பயன் தொலைவு கூடக்கூடவே வெளிப்படும் என்பது இதனாற் பெறப்படும்.

அன்றிரவு யாம் செய்த கணக்கும் இதுவே. லேயிலிருந்து தில்லிக்கு 620 கிலோமீட்டர். ஒரு மணி பதினேழு நிமிடம். தில்லியிலிருந்து மதுரைக்கு 2,075 கிலோமீட்டர். மூன்று மணி ஆறு நிமிடம். தில்லியும் ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் உள்ளதாதலின், அங்கு இறங்கி ஏறுவதனால் வழி நான்கு கிலோமீட்டரே கூடுகின்றது. பறக்கும் நேரம் முழுவதும் நான்கரை மணிக்குட்பட்டது. தில்லியில் மாறுவதற்கு மூன்று மணியும், மதுரையிலிருந்து ஊருக்கு வர இரண்டு மணியும் தாராளமாகவே சேர்த்தோம். காலை எட்டு மணிக்குப் புறப்படுபவர் மாலை ஆறு மணிக்குள் வீட்டில் இருப்பார். "நாளை மாலை ஆறு மணிக்குள் வந்துவிடுவார், ஐயா" என்று துணிந்து கூறினோம். பெரியோர் அடக்கத்தை மறுநாள் மாலை ஆறரைக்குக் குறித்தனர்.

எம் கணக்கில் எது விடுபட்டது என்பதை இனி ஆராய்வோம்.

முதலாவது, தரை. மதுரையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழக்கமான வழியையே எடுத்துக்கொள்வோம். 1942-இல் போர்க்காலத் தேவைக்கென விமானங்கள் இறங்கத் தொடங்கிய நம் விமான நிலையம், நகருக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ளது. அங்குச் செல்ல அரைமணி. சோதனைகளுக்காக முன்கூட்டியே சென்றிருக்க ஒன்றரை மணி. பறத்தற்கு ஒரு மணிக்கு மேல். இறங்கிப் பெட்டியைப் பெற்று எழும்பூர்ப் பக்கம் சென்று சேர ஒன்றேகால் மணி. கூட்டினால் நாலரை மணியாகின்றது. 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்த இருப்புப்பாதையிலோ, சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவை, 1977-இல் தொடங்கிய வைகை விரைவு வண்டி ஏழரை மணி அளவிலும், 2024-இல் தொடங்கிய வந்தே பாரத் வண்டி ஆறு மணிக்குச் சற்றுக் குறைவாகவும் கடக்கின்றன. ஆகவே, அட்டவணையில் ஆறுக்கு ஒன்று என்று தோன்றிய வேற்றுமை, வீட்டு வாயிலிலிருந்து வாயிலுக்கு எண்ணும்போது ஆறுக்கு நாலரையாய்ச் சுருங்குகின்றது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தானுக்கு விமான நிலையம் இன்னும் ஒரு மணி அப்பால்.

இரண்டாவது, காற்று. மதுரை ஓடுபாதை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 140 மீட்டர் உயரத்தில் உள்ளது. லேயின் ஓடுபாதையோ 3,256 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். தென்னாட்டின் மிக உயர்ந்த ஆனைமுடிச் சிகரமே 2,695 மீட்டர்தான். ஆனைமுடியின் உச்சிக்கும் ஐந்நூறு மீட்டருக்கு மேலே விமானம் இறங்குகின்றது என்று எண்ணிப் பார்க்க. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்து அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கே. காற்று மெலிந்தால் சிறகு தாங்குவதும் குறையும். எஞ்சினின் ஆற்றலும் குறையும். ஆகையால் விமானம் மிகுந்த வேகத்தில் ஓடியே எழவேண்டும்; சுமையையுங் குறைக்க வேண்டும். வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும். பிற்பகலில் மலைப்பள்ளத்தாக்கில் பெருங்காற்றும் வீசும். இக்காரணங்களால் லேக்குரிய பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலைப் பொழுதிலேயே வந்து செல்கின்றன. சுற்றிலும் மலைகள் நிற்பதால், முகில் மூடி வழி தெரியாத காலையில் விமானம் வருவதில்லை. அக்காலை தவறினால் அந்நாளே தவறியதாம். மறுநாட் காலைக்கே காத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, மாற்று வழி. மதுரையில் விமானம் தவறினால் புகைவண்டி உண்டு. அது தவறினால் பேருந்து உண்டு. ஸ்ரீநகருக்கும் லேக்கும் வான்வழி 257 கிலோமீட்டராயின், தரைவழி 420 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. சோஜி கணவாய் முதலான உயர்ந்த கணவாய்களின் மீது ஏறியிறங்குவது. கார்கிலில் ஓர் இரவு தங்கிச் செல்லுவோரே பலர். பனிக்காலத்தில் கணவாய் அடைபட்டால் அத்தரைவழியும் இல்லை. இதனாலேயே அந்நகரத்துக்கு விமானம் உயிர்நாடியாயிற்று. 1948-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், மேஹர் சிங் என்னும் விமானப்படை அதிகாரி, படைத்தளபதி திம்மய்யாவை உடன்கொண்டு, இமயத்துக் கணவாய்களைக் கடந்து லேயில் முதன்முதலாக டகோட்டா விமானத்தை இறக்கினார். அவர்கள் இறங்கிய மண் ஓடுபாதையை அமைத்தவர் லடாக்கைச் சேர்ந்த பொறியியலார் சோனம் நோர்பு என்பார். போர் சூழ்ந்திருந்த அந்நாளில் லேயைக் காக்கும் படையும் பொருளும் அவ்வழியே சென்றன. முன்சொன்ன ஸ்வால்பார்டிலும் நிலைமை இதனை ஒத்ததே. 1975-இல் விமான நிலையம் திறக்கப்படும் வரை, கடல் உறைந்த மாதங்களில் அங்குள்ள சுரங்கத் தொழிலாளர் பெரும்பாலும் புறவுலகத் தொடர்பின்றியே இருந்தனர்.

இவற்றுள் ஒன்றையும் யாம் அன்றிரவு எண்ணவில்லை. நடந்தது என்னவெனில், மறுநாட் காலை லேயின் மீது பனிமுகில் கவிந்து விமானம் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் தில்லி வந்து சேர்ந்தார். அங்கோ மூடுபனி, மதுரைக்குரிய விமானம் கிட்டாமற் சென்னைக்கு வந்து, இரவுப் புகைவண்டியில் ஏறி, நான்காம் நாள் விடியற்காலையில் ஊர் வந்தார். பறந்த நேரத்தைக் கூட்டினால் ஐந்து மணிக்குக் கூடாது. கழிந்த காலமோ மூன்று பகலும் மூன்று இரவும்.

முதல் நாள் மாலை ஆறரை மணிக்கு ஊரார் கூடியிருந்தனர். ஒரு மணி காத்தார்கள். பின்னும் ஒரு மணி காத்தார்கள். ஆலயமணி இருமுறை அடித்து நின்றது. மறுநாளும் அவர் வருவது உறுதியில்லை என்ற செய்தி வந்தபின், போதகர் விளக்கொளியில் வேதவாக்கியம் வாசிக்க, அடக்கம் நடந்தேறியது. எம் தோழர் தமையனாருடைய பங்கு மண்ணையும் தாமே எடுத்து இட்டார். யாம் தலை நிமிர்ந்து யாரையும் நோக்கக்கூடவில்லை. மாலை ஆறு மணி என்று யாம் சொல்லியிராவிடின், தொடக்கத்திலேயே வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள். உடலை மதுரைக்குக் கொண்டுசென்று குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால் நான்கு நாளும் காத்திருக்கலாமே என்று பின்னர் ஒருவர் கூறினார். எம் எண்ணை நம்பியதால் அவ்வெண்ணமே எவர்க்கும் எழவில்லை.

நான்காம் நாட் காலையில் தமையனார் பெட்டியை வாயிலில் வைத்துவிட்டு, வீட்டினுள் நுழையாமலே கல்லறைத் தோட்டத்திற்கு நடந்தார். அன்று மாலை யாம் தந்தையாரிடஞ் சென்று எம் பிழையைப் பொறுத்தருள வேண்டினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "தம்பி, கணக்குச் சரியாகத்தான் இருந்தது. வழியைக் கேளாமற் போனோம்" என்றார். "போனீர்கள்" என்னாது "போனோம்" என்று தம்மையும் சேர்த்துக்கொண்ட அப்பெருந்தகைமை எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

தமிழ் பயிலும் எமக்கு அப்போது சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை நினைவுக்கு வந்தது. புகார் நகரை நீங்கிச் சிறிது தொலைவே நடந்த கண்ணகி, இளைத்து, மதுரை மூதூர் எங்குள்ளது என்று வினவுகின்றாள். வழி முப்பது காதம். ஆயினும் கோவலன், ஆறோ ஐந்தோ காதம் என்று கேட்பார் செவிக்குத் தோன்றும் வகையில் அவ்வெண்ணை அமைத்து, நகைத்துக்கொண்டே விடை கூறுகின்றான். யாம் வகுப்பில் இதனைப் படித்தபோது சொல் நயமாக மட்டுமே குறித்துக்கொண்டோம். இன்றோ வேறொன்றும் தோன்றுகின்றது. கோவலன் வழியின் அருமையை நன்கறிந்தே அன்பினால் அதனைக் குறைத்துக் கூறினான். யாமோ வழியை அறியாமலே குறைத்துக் கூறினோம். குறைந்த எண்ணைக் கேட்டு நம்பி நடப்பவர்க்கு இரண்டும் ஒன்றேயன்றோ?

ஆகவே எம் தோழர்க்கு யாம் சொல்ல விரும்புவது இதுவே. அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொண்டு தொலைவைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள். அஃது இன்பமும் பயனும் உள்ள கல்வி. 800-ஆல் வகுத்து அரைமணி கூட்டுங்கள். விடை பெரும்பாலும் பொருந்தும். அதன்பின் எழுதுகோலைக் கீழே வையாது, மூன்று வினாக்களை எழுதிக்கொள்ளுங்கள்: வாயிலிலிருந்து வாயிலுக்கு எத்தனை மணி? அவ்வழி ஒரு நாளில் எத்தனை முறை திறக்கின்றது? அது மூடினால் வேறு வழி யாது? முதல் வினா காலத்தைத் திருத்தும். இரண்டாவது நாளைத் திருத்தும். மூன்றாவது, பிறர்க்கு நாம் கொடுக்கும் வாக்கைத் திருத்தும்.

தமையனார் விடுப்பு முடிந்து லேக்குத் திரும்பும் நாள் வந்தது. வழியனுப்ப மதுரை விமான நிலையத்திற்கு யாமும் சென்றிருந்தோம். பணியில் சேரவேண்டிய நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகவே அவர் புறப்பட்டார். "எப்போது போய்ச் சேருவாய்?" என்று தந்தையார் கேட்டார். "ஐந்து நாள் வழி, அப்பா" என்றார் அவர். தந்தையார் தலையசைத்தார்.